இரண்டு வாரப் பயணமா, இரண்டாண்டு ஊழியமா?

தமிழக-கேரள எல்லையிலுள்ள களியக்காவிளை, பாறசாலை வட்டாரக் கிறிஸ்தவச் சபைகளில், வெளிநாட்டு மிஷனெரிப் பணிக்குப் புறப்பட எண்ணும் மாணவர்கள் இரண்டு வாரப் பயணத்தையும் இரண்டாண்டு ஊழியத்தையும் எடைபோட்டுப் பார்க்கிறார்கள். முன்னது விடுமுறைக்குள் முடியும், செலவும் குறைவு. ஆனால் சுற்றுலா விசாவில் மதப்பணி செய்யப் பல நாடுகள் அனுமதிப்பதில்லை என்பதை விமான டிக்கெட் எடுப்பதற்கு முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும். பின்னதில் மொழி கைவரும். 1806-இல் குமரிப் பகுதியின் மயிலாடிக்கு வந்த ஜெர்மானிய மிஷனெரி ரிங்கல்தௌபே, அதற்குமுன் தரங்கம்பாடியில் தமிழ் படித்தவர். 1816 வரை தென்திருவிதாங்கூரில் ஊழியம் செய்தார். பேருந்து நடத்துநரிடம் மலையாளத்திலும் டீக்கடையில் தமிழிலும் பேசி வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு மூன்றாவது மொழி பெரும் பாரமல்ல (வீட்டாரின் சம்மதம்தான் பாரம்). ஆகவே நீண்ட ஊழியத்தையே பரிந்துரைப்பேன். படிப்பு முடியாதவர்கள் மட்டும் குறுகிய பயணம் போய்வரலாம்.