பாப்பிரஸ், ப்ரீஸ், க்னோம்: கோரல்டிரா கைக்கு எது ஒத்துவரும்?

மதுரை ஃப்ளெக்ஸ் கடைகளில் கோரல்டிரா என்ற டிசைன் மென்பொருளில் உட்கார்ந்திருப்பவர்களில் கை தேர்ந்த டிசைனர்கள் நிறைய. காதணி விழா, கண்ணீர் அஞ்சலி, சித்திரைத் திருவிழா வரவேற்பு என்று இருபதுக்குப் பத்து அடியிலேயே யோசித்துப் பழகியவர்கள். அவர்களில் சில தம்பிகள், "அண்ணே, லினக்ஸுக்கு ஐகான் வரைஞ்சு கொடுக்கலாம்னு இருக்கேன், எதுல சேரலாம்?" என்று கேட்கிறார்கள். வெளியாட்கள் வரைந்ததை வாங்கிக்கொள்ளும் பெரிய திட்டங்கள் என்று பார்த்தால் பாப்பிரஸ் ஐகான் தொகுப்பு, கேடிஇ டெஸ்க்டாப்பின் ப்ரீஸ் ஐகான் தொகுப்பு, க்னோம் டெஸ்க்டாப் மூன்றும் முன்னால் நிற்கும். லிப்ரே ஆபீஸும் உண்டு. ஆனால் அங்கே எதைக் கொடுத்தாலும் கெரிட் என்ற பரிசீலனைத் தளம் வழியாகத்தான் போக வேண்டும். புதிதாக வருகிறவருக்கு அது தலைவலி, விட்டுவிடலாம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் ஐகானுக்குப் பாப்பிரஸ். தொழிலைக் கற்றுக்கொள்ள ப்ரீஸ். க்னோம் வேறு மாதிரி ஆட்களுக்கு.

பாப்பிரஸ் எந்த டெஸ்க்டாப்புக்கும் (லினக்ஸில் திரை, மெனு, ஜன்னல்களைத் தரும் மென்பொருள்) சொந்தமில்லை. சாம் ஹெவிட் உருவாக்கிய பேப்பர் என்ற ஐகான் தொகுப்பிலிருந்து கிளைத்து வந்தது. கேடிஇ, க்னோம், எக்ஸ்எஃப்சிஇ எதில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். டெபியன் லினக்ஸில் பேக்கேஜாகவே கிடைக்கிறது. வேலை இப்படித்தான் வரும்: "இந்த மென்பொருளுக்கு ஐகான் இல்லை" என்று யாராவது கிட்ஹப் தளத்தில் ஒரு இஷ்யூ (கோரிக்கைக் குறிப்பு) போடுவார். நீங்கள் அந்த மென்பொருளின் லோகோவைப் பார்த்து, பாப்பிரஸ் பாணிக்கு எளிமையாக்கி, புதிதாக வரைந்து, சேர்த்துக்கொள்ளச் சொல்லிப் புல் ரிக்வெஸ்ட் அனுப்ப வேண்டும். வாட்ஸ்அப்பில் மங்கலாக வந்த கடை லோகோவை "அப்படியே போட்டுக் குடுங்க" என்று கேட்கும் வாடிக்கையாளருக்காக நம்ம டிசைனர் தினமும் செய்கிற வேலைதானே இது? கோரலில் வெல்ட், ட்ரிம் தெரிந்தவருக்கு இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் யூனியன், டிஃபரன்ஸ் என்று பெயர்தான் மாறும். படத்தைத் தானாகக் கோடாக்கும் பவர்ட்ரேஸ் பழக்கத்தை மட்டும் கடையிலேயே விட்டுவிட்டு வர வேண்டும். ட்ரேஸ் செய்த ஒரு வட்டத்தில் எத்தனை நோட் (கோட்டை வளைக்கும் புள்ளி) இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் காரணம் புரியும். பரிசீலிப்பவர் அதைத்தான் முதலில் பார்ப்பார்.

பாப்பிரஸின் குறை என்னவென்றால், கற்பனைக்கு இடம் கம்மி. லோகோ இன்னொருவருடையது, பாணியும் ஏற்கெனவே முடிவானது. அதோடு ஒரே லோகோவைப் பல அளவுகளில் கொடுக்க வேண்டியிருக்கும்: 16, 22, 24, 32, 48, 64 பிக்சல். 64-ஐ வரைந்து சுருக்கினால் 16 கிடைத்துவிடும் என்று நினைக்கிறவர்கள்தான் அதிகம். கிடைக்காது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் மூன்று திட்டங்களிலும் புதியவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். ஃப்ளெக்ஸில் ஒரு கோடு அரை மில்லிமீட்டர் தள்ளிப் போனால் யாருக்கும் தெரியாது. 16 பிக்சல் கட்டத்தில் கோடு அரை பிக்சல் தள்ளினால், ஒரே கறுப்புக் கோடு இரண்டு சாம்பல் கோடாகிவிடும். இங்க்ஸ்கேப்பும் சரி, கோரலும் சரி, ஒரு பாதைக்கு அவுட்லைன் கொடுத்தால் சாதாரணமாகப் பாதி தடிமனை இந்தப் பக்கமும் பாதியை அந்தப் பக்கமும் வைக்கும். அதனால் கிரிட் கோட்டின் மேலேயே துல்லியமாக ஒரு பிக்சல் கோடு போட்டாலும் அது இரண்டு பிக்சல்களில் பாதிப் பாதியாக உட்கார்ந்து மங்கிப் போகும். ஒன்று நோடுகளை அரை பிக்சலில் வையுங்கள். இல்லை, கோட்டை வடிவமாக மாற்றி அதன் விளிம்புகளை கிரிட்டில் பொருத்துங்கள். இது கைவந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாச்சு. ஒவ்வொரு அளவுக்கும் தனியாக வரையச் சொல்வதும் இதனால்தான். 64-ல் இருக்கும் நாலு விவரத்தில் இரண்டை 16-ல் தூக்கிப் போட்டால்தான் படம் படமாக இருக்கும்.

அப்புறம் ப்ரீஸ். 2014-ல் பிளாஸ்மா 5-ஓடு வந்தது. கேடிஇ டெஸ்க்டாப்பின் சொந்த ஐகான்கள். ஸ்டீம் டெக்கை டெஸ்க்டாப் முறைக்கு மாற்றினால் வருவதும் பிளாஸ்மாதான். அதனால் நீங்கள் வரைந்த "நகலெடு" பொத்தானை எங்கெங்கோ யார் யாரோ அழுத்துவார்கள், உங்கள் பெயர் தெரியாமலே. இங்கே முக்கிய வேலை யாருடைய லோகோவும் அல்ல. சேமி, வெட்டு, வடிகட்டு, அடுக்கு மாதிரி செயல்களுக்குச் சின்ன அளவில் ஒற்றை நிறப் படம் யோசிக்க வேண்டும். டிசைன் மூளைக்கு உண்மையான வேலை இங்கேதான். "வடிகட்டு" என்பதை ஒரே நிறத்தில், 22 பிக்சலில், எந்த ஊர்க்காரரும் புரிந்துகொள்ளும்படி வரைந்து பாருங்கள்.

கஷ்டமும் அதற்கேற்ப உண்டு. ப்ரீஸின் ஒற்றை நிற ஐகானில் நிறத்தை நேரடியாகக் கொடுக்கக் கூடாது. ஐகானின் வெக்டர் ஃபைலான எஸ்விஜிக்குள் கலர்ஸ்கீம்-டெக்ஸ்ட் என்ற கிளாஸைப் போட்டு, நிரப்பு நிறத்தைக் கரன்ட்கலர் என்று விட வேண்டும். அப்போதுதான் பயனர் இருண்ட தீமுக்கு மாறும்போது ஐகான் தானாக வெளுக்கும். கோரலில் வரைந்து எக்ஸ்போர்ட் செய்த ஃபைலில் நிறம் அப்படியே பதிந்திருக்கும், இருண்ட பின்னணியில் படமே காணாமல் போகும். எனவே கடைசியில் ஃபைலை டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து கையால் திருத்தியாக வேண்டும். கோட் பார்த்தாலே பயப்படுகிறவர்கள் இங்கேதான் கழன்றுகொள்வார்கள். நான் பயப்பட வேண்டாம் என்பேன். பார்க்க வேண்டியது நாலைந்து வரிதான்.

பெயர் விஷயமும் இருக்கிறது. 2005-ல் தொடங்கிய டேங்கோ என்ற ஐகான் திட்டத்தின் காலத்தில், லினக்ஸ் டெஸ்க்டாப்களுக்குப் பொது விதி வகுக்கும் ஃப்ரீடெஸ்க்டாப்பின் பொதுப் பெயர் விதி உருவானது. ஃபைல் பெயர் அந்த விதிப்படி இருந்தால்தான் மென்பொருள் உங்கள் ஐகானைத் தேடி எடுக்கும். ஒரே படத்துக்குப் பல பெயர் வேண்டுமென்றால் நகல் போடாமல் சிம்லிங்க் (மூல ஃபைலைச் சுட்டும் குறுக்குவழி) போடுவார்கள். பாப்பிரஸிலும் ப்ரீஸிலும் இது ஏராளம். கடைக் கணினி விண்டோஸ் என்றால், திட்டத்தின் ஃபைல்களை இறக்கித் தரும் கிட் என்ற கருவி அந்த சிம்லிங்க்குகளைப் பெரும்பாலும் வெறும் டெக்ஸ்ட் ஃபைலாக இறக்கி வைத்துக் குழப்பும். வீட்டில் தம்பி தங்கைக்கு அரசு கொடுத்த எல்காட் லேப்டாப் சும்மா கிடந்தால் அதில் ஒரு லினக்ஸைப் போட்டுக்கொள்ளுங்கள். 2011-க்குப் பிறகு கொடுத்ததில் விண்டோஸோடு இந்திய அரசின் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது; பலர் அந்தப் பக்கம் போனதே இல்லை.

க்னோம் கணக்கு வேறு. அங்கே ஆப் ஐகான் அந்தந்த ஆப்புக்குச் சொந்தம், அதோடு சேர்ந்தே வரும். வேறு தொகுப்பு அதை மாற்றி வைப்பது பலருக்குப் பிடிப்பதில்லை. எங்கள் ஆப்களுக்குத் தீம் போடாதீர்கள் என்று க்னோம் ஆப் உருவாக்குநர்கள் சிலர் 2019-ல் பகிரங்கக் கடிதமே எழுதினார்கள். பாப்பிரஸ் செய்வது சரியாக அதைத்தான்! யார் பக்கம் நியாயம் என்று கேட்டால், ஆப் எழுதியவர் பக்கம் கொஞ்சம் சாய்வேன். ஆனாலும் என் கணினியில் என்ன தெரிய வேண்டும் என்பது என் உரிமை.

அதே 2019-ல் 3.32 பதிப்போடு க்னோம் தன் ஐகான் பாணியை மாற்றியது. இப்போது 128 பிக்சல் கட்டத்தில் ஒரே படம், எளிய வடிவங்கள், குறிப்பிட்ட வண்ணத் தட்டு. ஆறு அளவு வரையும் தொல்லை இல்லை. ஆப் ஐகான் ப்ரிவ்யூ என்ற கருவியே அச்சுக்கட்டத்தைத் தந்து, மற்ற ஐகான்கள் நடுவே உங்களுடையதை வைத்தும் காட்டும். வசதி என்று பார்த்தால் மூன்றிலும் இதுதான் முதல். சிக்கல் எங்கே என்றால், "ஐகான் தேவை" என்று பட்டியல் பார்த்து எடுத்துச் செய்கிற வேலையாக இது பெரும்பாலும் அமையாது. ஆப் எழுதுகிற ஒருவரோடு பேசி, அவர் சம்மதித்து, அவர் திட்டத்துக்குள் போட வேண்டும். கூட்டாளி இருந்தால் அருமையான இடம். இல்லாவிட்டால் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். இன்னொன்று, உபுண்டுவில் க்னோம் இருந்தாலும் அதற்கென்று யாரு என்ற தனி ஐகான் தொகுப்பு இருக்கிறது. க்னோமின் சொந்தத் தொகுப்பான அத்வைதாவுக்கு நீங்கள் வரைந்த பொது ஐகானை உபுண்டுக்காரர் பார்க்காமலே போகலாம்.

உரிமம் பாப்பிரஸுக்கு ஜிபிஎல், ப்ரீஸுக்கு எல்ஜிபிஎல்; இரண்டும் திறந்த மூல உரிமங்கள். வரைகிறவருக்கு இதில் பெரிய வித்தியாசம் தெரியாது. கூகுள் இமேஜிலிருந்து எடுத்து ஒட்டும் வேலை மட்டும் எங்கேயும் நடக்காது; ஃப்ளெக்ஸில் யாரும் கேட்பதில்லை, இங்கே கேட்பார்கள். மூன்றிலும் பணம் கிடையாது என்பதையும் வீட்டில் சொல்லிவிட்டு உட்காருங்கள்.

பாப்பிரஸில் ஆரம்பிப்பதாக இருந்தால், வரையும் முன் அந்த இஷ்யூவில் "நான் செய்கிறேன்" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். தெரிந்த ஆங்கிலம் போதும். முகூர்த்த சீசனில் கடையை விட்டு நகர முடியாமல் போனால் அதையும் அங்கேயே சொல்லிவிட்டால், காத்திருக்கும் வேறொருவர் எடுத்துக்கொள்வார்.