வெர்திக்கியோ: கடைசியில் வரும் கசப்புக்காக

இத்தாலியின் அங்கோனா கப்பல் கட்டும் தளத்தில் ஒரு புதிய பயணிகள் கப்பலின் இயந்திர அறையைப் பொறுப்பேற்க நான்கு மாதம் அந்த ஊரில் தங்கியிருந்தேன். வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே வெர்திக்கியோ என்ற அந்தப் பக்கத்து வெள்ளை ஒயினை வெறுத்துவிட்டேன். கடற்கரையோரத்தில் ஓர் உணவகம், பெயர் வேண்டாம். கண்ணாடிக் கூஜாவில் கொண்டுவந்து வைத்தார்கள். பல் கூசும் குளிர்ச்சி, நாக்குக்கு ஒன்றும் தெரியவில்லை. கால் மணி நேரம் கழித்துக் குளிர் விட்டதும் நறுக்கிவைத்துப் பழுப்பேறிய ஆப்பிளின் வாசனை எழுந்தது. என்றைக்கோ திறந்த பாட்டிலின் மிச்சம். அதை மறைக்கத்தான் அத்தனை ஐஸ்.

அந்த உணவகத்தின் அலமாரியில் அலங்காரத்துக்காக ஒரு காலி பாட்டில் நின்றது. இடை ஒடுங்கி, பழங்காலத்து ஜாடி போன்ற வடிவம். 1953-இல் ஃபாத்சி பத்தாலியா என்ற ஒயின் நிறுவனத்துக்காக அந்தோனியோ மயோக்கி என்ற கட்டடக் கலைஞர் வரைந்துகொடுத்தது. இந்த ஒயினை இத்தாலிக்கு வெளியே கொண்டுசென்றதில் அந்த ஜாடிக்குப் பெரிய பங்கு உண்டு. வினையும் அதனால்தான் வந்தது என்பேன். பாட்டிலைப் பார்த்து வாங்குகிறவர்களுக்கு உள்ளே இருப்பது எப்படியிருந்தால் என்ன என்று பலர் நினைத்துவிட்டார்கள். விளையாட்டுப் பொருள் என்ற பெயர் நெடுநாள் ஒட்டிக்கொண்டிருந்தது.

என் எண்ணத்தை மாற்றியது யேசியில் ஓர் ஒயின் கடை. அங்கோனாவிலிருந்து ரயிலில் அரை மணி நேரம், எசினோ ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக. கடைக்கார அம்மாளுக்கு எழுபது வயதிருக்கும். நடந்ததைச் சொன்னேன். சிரிக்கவில்லை. "குளிர்பெட்டியிலிருந்து எடுத்து இருபது நிமிடம் மறந்துவிடுங்கள், அப்புறம் வந்து என்னிடம் பேசுங்கள்" என்றார். ஆசிரியையிடம் திட்டு வாங்கியது போல இருந்தது.

முதலில் கொடுத்தது சார்த்தரெல்லியின் 'திராலிவியோ'. வெர்திக்கியோவைத் தவிர வேறு திராட்சையையே தொடாத குடும்பம் அது. கிளாஸை வெள்ளைத் துணிமேல் சாய்த்துப் பார்த்தால் மஞ்சளின் விளிம்பில் மெல்லிய பச்சை ஓடுகிறது. 'வெர்தே' என்றால் பச்சை, திராட்சையின் பெயரே அங்கிருந்துதான் வந்தது. முகர்ந்தால் எலுமிச்சைத் தோல், சோம்பு, பச்சைப் புல். வாயில் வைத்ததும் எச்சில் ஊறவைக்கும் புளிப்பு, நடுவில் ஒரு வழவழப்பு. விழுங்கிய பிறகு இரண்டு மூன்று நொடி ஒன்றுமில்லை. அதற்கப்புறம் அடிநாக்கில் மெதுவாக ஒரு கசப்பு. தட்டு நிறைய பாதாம் தின்றுகொண்டிருக்கும்போது எப்போதாவது ஒரு பருப்பு கசக்குமே, அதே கசப்பு. முதலில் முகம் சுளித்தேன். இரண்டாவது கிளாஸில் அதற்காகக் காத்திருந்தேன். அதற்குப் பிறகு எந்த வெர்திக்கியோவையும் இதை வைத்துத்தான் எடை போடுகிறேன். கடைசியில் கசக்காவிட்டால் அது வெறும் புளித்த தண்ணீர்.

அடுத்த வாரம் மத்தேலிக்கா. இந்த ஒயினுக்கு இரண்டு தாய்மண்கள். யேசியைச் சுற்றிய குன்றுகள் அட்ரியாட்டிக் கடலைப் பார்த்துத் திறந்திருப்பவை. இந்த ஊர்கள் இருக்கும் மார்க்கே மாநிலத்துப் பள்ளத்தாக்குகள் பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே கடலை நோக்கி இறங்கும். மத்தேலிக்காவின் பள்ளத்தாக்கு மட்டும் மலைத்தொடருக்கு இணையாக வடக்கு தெற்காகப் படுத்திருக்கிறது. கடல்காற்று எட்டாது. பகலில் வெயில் காயும், இரவில் குளிர் இறங்கும், பழத்தின் புளிப்பு கரைந்துபோகாது. அங்கே கொல்லெஸ்தெஃபனோ பண்ணையின் ஒயினைக் குடித்தேன். கத்தி தீட்டியது போன்ற கூர்மை. இயந்திர அறையில் நாற்பது டிகிரியில் நின்றுவிட்டு வந்தவனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் வெறும் வயிற்றில் குடிக்கக் கூடாது, எரிச்சல் இரவு முழுக்க இருந்தது. பிழை என்னுடையது.

மூன்றாவதாக, பெரிய செலவு: 'வில்லா புச்சி ரிசெர்வா'. ரிசெர்வா என்று லேபிளில் போட வேண்டுமானால் குறைந்தது 18 மாதம் வைத்திருந்துதான் விற்க வேண்டும். இவர்கள் பழைய பெரிய ஓக் பீப்பாய்களில் முதிரவிடுகிறார்கள். பீப்பாய் புதியதாக இல்லாததால் மரவாசனை ஒயினை மூடுவதில்லை. எனக்குக் கிடைத்தது ஏழு வயது பாட்டில். தேன், காய்ந்த கெமோமில் பூ, லேசாகத் தீக்குச்சி உரசிய வாடை. புளிப்பு அப்படியே இருக்கிறது, அதன் முனைதான் மழுங்கியிருக்கிறது. கசப்பும் வந்தது, இம்முறை வறுத்த பருப்பாக. வெள்ளை ஒயின் என்றால் அந்த வருடமே குடித்துத் தீர்க்க வேண்டும் என்று யாராவது சொன்னால் இதை ஊற்றிக் கொடுங்கள். விலை மட்டும் திராலிவியோவைப் போல நான்கு மடங்கு. மாதம் ஒருமுறைக்கு மேல் என்னால் முடியாது.

சாப்பாட்டில் எனக்குப் பிடித்த சேர்க்கை, அங்கோனாவை அடுத்த போர்த்தோனோவோ கடற்பாறைகளில் விளையும் காட்டுச் சிப்பி. அங்கே 'மோஷோலி' என்கிறார்கள். பூண்டும் ஆலிவ் எண்ணெயும் மிளகும் போட்டு, வாய் திறக்கும்வரை மூடிவைத்தால் போதும். சிப்பியின் உப்புநீரும் இந்தப் புளிப்பும் ஒன்றையொன்று கூர்மையாக்குகின்றன. அங்கோனா மீன்குழம்பான 'ப்ரொதெத்தோ'வுக்கும் பொருந்தும் என்பார்கள். தக்காளியின் புளிப்போடு இது மல்லுக்கு நின்றதாகத்தான் எனக்குத் தோன்றியது. இறைச்சி திணித்துப் பொரித்த அஸ்கோலி ஆலிவுக்குக் குறை சொல்ல முடியாது.

வெளியூரில் இது கிடைக்காவிட்டால் கார்தா ஏரிக்கரை லுகானா ஒயினைத் தேடுங்கள். அங்கே 'துர்பியானா' என்று அழைக்கும் திராட்சையும் வெர்திக்கியோவே என்று மரபணுச் சோதனை காட்டிவிட்டது. சற்றுப் பூசினாற்போல் இருக்கும், கசப்பு குறைவு.

கப்பல் புறப்பட்ட அன்று அதன் உணவகத்து ஒயின் பட்டியலைப் புரட்டினேன். ஆறு நாட்டு வெள்ளை ஒயின்கள் இருந்தன. கப்பல் பிறந்த ஊருக்கு அரை மணித் தூரத்தில் விளைவது மட்டும் பட்டியலில் இல்லை. பொறுப்பாளரிடம் கேட்டேன். "அந்த ஜாடி பாட்டில்தானே?" என்றார். என் அறையில் மிச்சமிருந்த அரைப் பாட்டில் திராலிவியோவைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்துவிட்டு, இருபது நிமிடம் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.