ரூடி கேயைத் தலையில் கட்டிய டிரேடு: மசாய் உஜிரிக்கு எத்தனை மார்க்?

டிரேடு, அதாவது அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்ளும் பேரம், நடந்த அன்று இரவே மார்க் போட்டுவிடுவது வட அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வின் ரசிகர்கள் பழக்கம். பெரிய பெயர் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் ஜெயித்தது, அவ்வளவுதான் கணக்கு. அந்தக் கணக்கில் 2013 டிசம்பர் 9 அன்று ஜெயித்தது சாக்ரமெண்டோ கிங்ஸ். அவர்களுக்கு ரூடி கே கிடைத்தார், கூடவே குவின்சி ஏசியும் ஆரன் கிரேயும். மசாய் உஜிரி ஜெனரல் மேனேஜராக இருந்த டொரொண்டோ ராப்டர்ஸுக்கு வந்தவர்கள் கிரேவிஸ் வாஸ்கெஸ், பேட்ரிக் பேட்டர்சன், ஜான் சால்மன்ஸ், சக் ஹேய்ஸ். நால்வரில் ஒருவர்கூட ஜெர்சி விற்கும் ஆள் இல்லை. டொரொண்டோவின் ஸ்கார்பரோவில் ஜெர்சி போட்டுக்கொண்டு பந்து தட்டும் நம் பையன்களில் எத்தனை பேர் சக் ஹேய்ஸ் பெயரை முதுகில் போட்டிருப்பார்கள்?

கே ஆடிய கடைசி ஆட்டம் வரை டொரொண்டோவின் நிலை 6 வெற்றி, 12 தோல்வி. அதன் பிறகு ஆடிய 64 ஆட்டங்களில் 42 வெற்றி. மொத்தம் 48-34. அதுவரை அந்த அணி ஒரு சீசனில் அத்தனை வெற்றி பெற்றதில்லை. 2008-க்குப் பிறகு முதல் முறையாகப் பிளேஆஃப், அதாவது கோப்பைக்கான நாக்அவுட் சுற்றுகள். ஆகவே டிரேடு நல்லதா என்ற கேள்விக்கு இடமில்லை. எதனால் நல்லதாயிற்று, அதில் எவ்வளவு கணக்கு, எவ்வளவு அதிர்ஷ்டம் என்பதைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

உஜிரி ஜெனரல் மேனேஜராக வந்தது 2013 மே 31 அன்று. டென்வரில் அந்த ஆண்டின் சிறந்த நிர்வாகி விருதை வாங்கிய கையோடு வந்தார். முன்பிருந்த பிரையன் கொலாஞ்சலோ விட்டுப்போன சரக்கில் தூக்க முடியாத மூட்டைகள் இரண்டு. ஒன்று, 2006 டிராஃப்டில் (புது வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) முதல் இடத்தில் தேர்வான ஆண்ட்ரியா பர்ன்யானி. இன்னொன்று, 2013 ஜனவரியில் ஹொசே கால்டெரோனையும் எட் டேவிஸையும் விட்டுக்கொடுத்து வாங்கிய ரூடி கே.

பர்ன்யானி டிரேடைப் பார்க்காமல் கே டிரேடை எடைபோட முடியாது. பர்ன்யானியின் ஒப்பந்தத்தில் இன்னும் 2 ஆண்டும் 2.2 கோடி டாலருக்கு மேலும் பாக்கி. அவரை நியூயார்க் நிக்ஸ் வாங்கியது. திரும்பி வந்தவர்கள் ஸ்டீவ் நோவாக், மார்கஸ் கேம்பி, குவெண்டின் ரிச்சர்ட்சன். அவர்களோடு 2016 டிராஃப்டின் முதல் சுற்றுத் தேர்வுரிமை, கொசுறாக இரண்டாம் சுற்றில் இரண்டு. ரிச்சர்ட்சன் எதற்கு என்று அன்று பலர் கேட்டார்கள். நிக்ஸ், மொத்தச் சம்பளம் எல்லை மீறியதால் லீகுக்கு ஆடம்பர வரி கட்டிய அணி. அப்போதைய விதிப்படி அப்படிப்பட்ட அணி தான் அனுப்பும் சம்பளத்தில் 125 சதவீதமும் மேலே 1 லட்சம் டாலரும் வரைதான் உள்ளே வாங்கலாம். கேம்பி, நோவாக் இருவர் சம்பளமும் சேர்ந்து பர்ன்யானிக்கு எட்டவில்லை. அதனால் ரிச்சர்ட்சனுக்குப் புது ஒப்பந்தம் போட்டு அதையும் தராசில் வைத்தார்கள். அவர் ஆடுவதற்காக வரவில்லை, எடைக்கல்லாக வந்தார். கேம்பியையும் அவரையும் சீசன் தொடங்கும் முன்பே டொரொண்டோ விடுவித்துவிட்டது. சரக்கு என்றால் அந்த முதல் சுற்று உரிமை ஒன்றுதான்.

இனி ரூடி கே. அந்த சீசனில் டொரொண்டோவுக்காக ஆடிய 18 ஆட்டங்களில் சராசரி 19.4 புள்ளி. கேட்க நன்றாகத்தான் இருக்கும். அதற்கு ஆட்டத்துக்கு 18.6 முறை எறிந்தார், உள்ளே விழுந்தது 38.8 சதவீதம். அணியில் யாரையும்விட அதிகமாகப் பந்தைக் கையில் வைத்திருப்பவர் இந்த விகிதத்தில் எறிந்தால் மற்ற நால்வரும் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். சம்பளம் அந்த ஆண்டு 1.79 கோடி டாலர். அடுத்த ஆண்டு 1.93 கோடி, அதுவும் வீரரின் விருப்ப உரிமை. அதாவது இருப்பதா போவதா என்பது அவர் கையில். 38.8 சதவீதம் எறிகிறவர் 1.93 கோடியை வேண்டாமென்று எழுந்து போவாரா? டொரொண்டோவின் அடுத்த கோடைக்காலம் முழுக்க அவரிடம் அடகில் இருந்தது.

டிரேடின் உயிர்நாடி இங்கேதான். ரசிகர்கள் வீரர்களின் பெயரைப் படித்தார்கள், உஜிரி ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைப் படித்தார். வாஸ்கெஸ், பேட்டர்சன் இருவருக்கும் அந்த சீசனோடு ஒப்பந்தம் முடிகிறது. ஆனால் வேறு அணி எந்தத் தொகை கொடுத்தாலும் அதே தொகைக்குத் தக்கவைத்துக்கொள்ளும் உரிமை டொரொண்டோவுக்கு உண்டு. சால்மன்ஸுக்கு அடுத்த ஆண்டு 70 லட்சம் டாலர் என்று எழுதியிருந்தாலும் உத்தரவாதம் 10 லட்சத்துக்குத்தான். ஹேய்ஸ் மட்டுமே சுமை. அனுப்பிய சம்பளத்தைவிடத் திரும்பி வந்தது குறைவு. தேதியையும் கவனியுங்கள். சம்பள வரம்புக்கு மேலே இருக்கும் அணி, டிரேடில் வந்த வீரரை இன்னொருவரோடு சேர்த்து மறுபடி டிரேடு செய்ய இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். டிசம்பர் 9-க்கு இரண்டு மாதம் என்றால் பிப்ரவரி 9. அந்த ஆண்டின் டிரேடு கெடு பிப்ரவரி 20. வேண்டுமானால் நால்வரையும் மற்றவர்களோடு சேர்த்துக் கட்டி மீண்டும் விற்க 11 நாள் கையில் இருந்தது.

விற்பதுதான் திட்டம் என்றே எல்லோரும் நினைத்தார்கள். காரணம் ஆண்ட்ரூ விக்கின்ஸ். டொரொண்டோ பக்கத்துப் பையன், 2014 டிராஃப்டில் முதல் இடம் என்று பேசப்பட்டவர். தோற்ற அணிகளுக்கே முதல் தேர்வு கிடைக்க அதிக வாய்ப்பு என்பதால், வேண்டுமென்றே தோற்று அவரைப் பிடிப்போம் என்ற கட்சியில் பாதி ரசிகர்கள் இருந்தார்கள். அடுத்து, பாயிண்ட் கார்டு (ஆட்டத்தை நடத்துபவர்) கைல் லௌரியை நியூயார்க்குக்கு அனுப்பும் பேச்சு நடந்ததாக அப்போதே செய்தி வந்தது. பேரம் படியவில்லை. நிக்ஸ் உரிமையாளர் ஜேம்ஸ் டோலன் பின்வாங்கினார் என்றும், பர்ன்யானி விஷயத்தில் உஜிரியிடம் ஏமாந்த சூடு ஆறாததே காரணம் என்றும் சொன்னார்கள். உண்மையானால் இதைவிட வேடிக்கை இல்லை: முதல் டிரேடில் அளவுக்கு மீறி ஜெயித்ததால் அடுத்த டிரேடு கெட்டது, அது கெட்டதால் அணி பிழைத்தது.

லௌரி அந்த சீசனை 17.9 புள்ளி, 7.4 அசிஸ்ட் (கூடைக்கு வழிவகுக்கும் பாஸ்) சராசரியோடு முடித்தார். 2014 ஜூலையில் 4 ஆண்டுக்கு 4.8 கோடி டாலருக்குக் கையெழுத்திட்டார். ஆகவே உஜிரி இதையெல்லாம் முன்கூட்டியே கண்டார் என்று கோயில் கட்டுகிறவர்களோடு ஒத்துப்போக முடியாது. இடிக்கத்தான் கடப்பாரை எடுத்தார். முதல் சுவரை இடித்ததும் உள்ளே நல்ல வீடு இருப்பது தெரிந்தது. கடப்பாரையைக் கீழே வைத்தார். வைக்கத் தெரிந்ததற்கு மார்க் உண்டு. புதிதாக வந்த மேனேஜருக்கு, தன் திட்டம் தவறு என்று களம் காட்டும்போது ஒப்புக்கொள்வது லேசில்லை.

களத்தில் என்ன மாறியது? கேயின் 18.6 எறிதல்கள் பங்காயின. லௌரிக்கும் டெமார் டிரோசனுக்கும் பந்து நேரம் கூடியது. டிரோசன் 22.7 புள்ளி சராசரியோடு முதல் முறை ஆல்ஸ்டார் ஆனார். கே நின்ற இடத்தில் டெரன்ஸ் ராஸ் தொடக்க வரிசைக்கு வந்தார். பந்தை வைத்துக்கொண்டு யோசிக்காமல் வாங்கிய வேகத்தில் மூன்று புள்ளி எறிபவர். ஜனவரி 25 அன்று கிளிப்பர்ஸுக்கு எதிராக 51 புள்ளி அடித்தார். பேட்டர்சன் வழக்கமாகக் கூடைக்கு அருகே ஆடும் உயரமான பவர் ஃபார்வர்டாக இருந்தும் மூன்று புள்ளிக் கோட்டில் நின்று 40 சதவீதத்துக்கு மேல் போட்டார். அவரைக் காக்கும் எதிரணி உயரக்காரர் கூடையை விட்டு வெளியே வர வேண்டியதாயிற்று, லௌரிக்கு உள்ளே நுழைய வழி திறந்தது. வாஸ்கெஸ் முந்தைய சீசனில் நியூ ஆர்லியன்ஸில் ஆட்டத்துக்கு 9 அசிஸ்ட் கொடுத்தவர். அவர் மாற்று ஆட்டக்காரராக வந்ததோடு நிற்காமல், சில நிமிடங்கள் லௌரியோடு சேர்ந்தே ஆடினார். அப்போது லௌரி பந்தில்லாமல் ஓடி எறிதலுக்கு இடம் பிடிக்க முடிந்தது. கே இருந்த அணியில் இப்படி ஒரு ஐவரை இறக்கவே வழியில்லை.

குறைகளும் உண்டு. ஹேய்ஸ் அடுத்த ஆண்டும் கிட்டத்தட்ட 60 லட்சம் டாலருக்குப் பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்தார். சால்மன்ஸ் தடுப்பில் உழைத்தாலும் எறிதல் மோசம். பெரிய ஓட்டை சிறகுப் பக்கத்தில், அதாவது களத்தின் ஓரங்களில் ஆடுபவர்களிடம். கே போனபின் உயரமும் கனமும் உள்ள எதிரணி ஸ்கோரரைத் தாங்க ஆள் இல்லை. புரூக்லின் நெட்ஸ் இதைப் பிளேஆஃபின் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. ஜோ ஜான்சன் ராஸை முதுகால் தள்ளிக்கொண்டே போய் அடித்தார், ஏழாவது ஆட்டத்தில் 26 புள்ளி. அந்த ஆட்டம் 104-103 என்று போனது, லௌரியின் கடைசி எறிதலைப் பால் பியர்ஸ் தட்டிவிட்டார். டிரேடில் வந்த நால்வரில் ஜான்சனைத் தாங்கும் ஒருவர் இருந்திருந்தால் என்று இன்றும் கேட்கலாம். ஆனால் அப்படி ஒருவரைச் சாக்ரமெண்டோ கொடுத்திருக்காது, அவர்களிடமே இல்லை.

சாக்ரமெண்டோவைப் பற்றிக் கொஞ்சம் நியாயமாகப் பேச வேண்டும். அங்கேயும் மேனேஜர் புதியவர். பீட் டி'அலெஸாண்ட்ரோ, டென்வரில் உஜிரியின் கீழேயே வேலை பார்த்தவர். உரிமையாளரும் புதியவர், மும்பையில் பிறந்த விவேக் ரணதிவே. ரசிகர்களுக்குக் காட்ட ஒரு பெயர் தேவைப்பட்டது. கே அங்கே சோடை போகவும் இல்லை: 55 ஆட்டங்களில் 20.1 புள்ளி, 48.2 சதவீதம். டொரொண்டோவில் 38.8 எறிந்த அதே கைதான். டிமார்கஸ் கசின்ஸ் உள்ளே இருந்து இரண்டு பேரைத் தன் பக்கம் இழுத்ததால் ரூடி கேவுக்கு நல்ல எறிதல்கள் கிடைத்தன. இருந்தும் அணி 28-54. அவர்கள் செய்த பிழை வேறு. ஐந்து மாதம் முன்பு டைரீக் எவன்ஸை விட்டுக்கொடுத்து வாங்கிய வாஸ்கெஸை இங்கே கொசுறுபோலத் தூக்கிக் கொடுத்தார்கள். அந்த இடத்துக்கு வந்த ஐசையா தாமஸ் 20 புள்ளிக்கு மேல் சராசரி வைத்தார், அவரையும் அடுத்த கோடையில் ஃபீனிக்ஸுக்கு விட்டார்கள். ஒரே வருடத்தில் மூன்று பாயிண்ட் கார்டுகளை மாற்றிய அணிக்கு ரூடி கே என்ன செய்ய முடியும்?

தோற்றிருக்கலாம் கட்சிக்கு ஒரு பதில். 2014 டிராஃப்ட் வரிசையை முடிவு செய்த குலுக்கலில், மிக மோசமான அணியாக 15-67 என்று முடித்த மில்வாக்கிக்கு முதல் இடம் கிடைக்க 25 சதவீத வாய்ப்பு இருந்தது. கிடைத்தது 1.7 சதவீத வாய்ப்பு வைத்திருந்த கிளீவ்லாண்டுக்கு. விக்கின்ஸை எடுத்த அவர்கள் அதே கோடையில் கெவின் லவ்வுக்காக மினசோட்டாவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மார்க் என்றால் இப்படி. பர்ன்யானி டிரேடுக்கு 10-க்கு 9.5. கே டிரேடுக்கு 8.5: ஹேய்ஸுக்காக அரை மார்க், சிறகுப் பக்க ஓட்டைக்காக ஒன்று குறைத்தாயிற்று. லௌரி பேரம் கெட்டதை அவர் கணக்கில் சேர்க்கவும் இல்லை, கழிக்கவும் இல்லை.

இந்த மார்க் களத்துக்கு மட்டும். வட்டி தனி. சால்மன்ஸின் அந்த 10 லட்ச உத்தரவாதம் நினைவிருக்கிறதா? சம்பள இடம் தேவைப்பட்ட அட்லாண்டா, அவரை வாங்கி உடனே விடுவித்து மீதி 60 லட்சத்தை மிச்சம் பிடிக்கலாம் என்பதற்காகவே 2014 ஜூனில் லூ வில்லியம்ஸையும் லூகாஸ் நொகெய்ராவின் உரிமையையும் கொடுத்தது. டொரொண்டோ மேலே வைத்தது ஒரு இரண்டாம் சுற்று உரிமை. வில்லியம்ஸ் அடுத்த சீசனின் சிறந்த ஆறாவது வீரர், அதாவது சிறந்த மாற்று ஆட்டக்காரர் விருது பெற்றவர். வாஸ்கெஸை 2 ஆண்டுக்கு 1.3 கோடி கொடுத்துத் தக்கவைத்து, ஒரே ஆண்டில் மில்வாக்கிக்கு விற்றார் உஜிரி. பதிலுக்கு 46-ஆவது இடத்தில் தேர்வான நார்மன் பவலும், 2017-இன் முதல் சுற்று உரிமை ஒன்றும் வந்தன. அந்த உரிமையும் ராஸும் சேர்ந்து செர்ஜ் இபாகா ஆனார்கள். பர்ன்யானிக்கு வந்த 2016 உரிமையில் ஒரு சிக்கல் இருந்தது. டென்வருக்கு நிக்ஸோடு இடம் மாற்றிக்கொள்ளும் உரிமை இருந்ததால் இரண்டில் தாழ்ந்ததுதான் டொரொண்டோவுக்கு. ஏழாவது இடம் டென்வருக்குப் போய் ஜமால் மர்ரி ஆனது, ஒன்பதாவதில் டொரொண்டோ ஜேக்கப் பெர்ட்டிலை எடுத்தது. பெர்ட்டில் 2018 ஜூலையில் டிரோசனோடு சான் அன்டோனியோ போனார், கவாய் லெனர்டும் டேனி கிரீனும் வந்தார்கள். 2019 ஜூன் 13 அன்று கோப்பை வந்தபோது லெனர்ட், கிரீன், இபாகா, பவல் நால்வரும் அணியில் இருந்தார்கள்.

பேட்டர்சன் மட்டும் கிளைவிடவில்லை. 1.8 கோடி டாலருக்கு மூன்று ஆண்டு ஆடி முடித்து, 2017 கோடையில் ஓக்லஹோமா சிட்டியில் கையெழுத்திட்டார். டொரொண்டோவுக்கு அவரால் ஒரு இரண்டாம் சுற்று உரிமைகூட திரும்பவில்லை.