எக்ஸெல்லா, ஸ்பிளெண்டரா, ஸ்கூட்டரா: கணியம்பாடியிலிருந்து ஒரு கணக்கு

அக்கா மகனுக்கு ராணிப்பேட்டை சிப்காட்டில் வேலை கிடைத்திருக்கிறது. ஒரு வாரம் பஸ்ஸில் போய்ப் பார்த்தான். கணியம்பாடியில் நின்றுகொண்டே ஏறி, வேலூரில் இறங்கி, வேறு பஸ் மாறி, கம்பெனி வாசலுக்குப் போய்ச் சேரும்போதே பாதி ஆள் ஆகிவிடுகிறான். எட்டாம் நாள் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து, "இன்னா மாமா, எந்த வண்டி வாங்கலாம்?" என்றான். கையில் போன், அதில் யாரோ மைலேஜ் பற்றிப் பேசும் வீடியோ.

மைலேஜைக் கடைசியில் பார்க்கலாம், முதலில் எவ்வளவு தூரம், என்ன சுமை, பின்னால் யார் உட்காரப் போகிறார்கள் என்று சொல் என்றேன். எங்கள் வீட்டில் மூன்று வகை வண்டியும் ஓடியிருக்கிறது. அப்பாவிடம் எக்ஸெல். நான் பத்து வருடம் ஓட்டியது ஸ்பிளெண்டர். மனைவிக்காக வாங்கியது ஸ்கூட்டர். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று 2021-ல் ஆனதும் அவள் பஸ்ஸுக்கு மாறிவிட்டாள், ஸ்கூட்டர் என் தலையில் விழுந்தது. அதனால் கேள்விப்பட்டதை அல்ல, ஓட்டிப் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

எக்ஸெல்லிலிருந்து தொடங்குகிறேன். ஊரில் இன்னமும் டிவிஎஸ் 50 என்றுதான் சொல்வார்கள். 1980-ல் ஓசூரிலிருந்து வந்த அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. அப்பாவின் முதல் வண்டி இரண்டு ஸ்ட்ரோக். பங்கில் பெட்ரோலோடு ஆயிலும் கலந்து ஊற்ற வேண்டும், காலையில் ஸ்டார்ட் செய்தால் தெரு முழுக்கப் புகை. இப்போது இருப்பது எக்ஸெல் 100. 99.7 சிசி, நான்கு ஸ்ட்ரோக், ஒரே கியர், தானாகப் பிடிக்கும் கிளட்ச்.

இதில் அப்பா சந்தையிலிருந்து வருவதைப் பார்க்க வேண்டும். முன்னால் கால் வைக்கும் இடத்தில் தவிட்டு மூட்டை. ஹேண்டிலின் இரண்டு பக்கமும் பால் தூக்கு. பின் சீட்டைக் கழற்றிவிட்டு அங்கே புல்லுக்கட்டு. இதற்கு நடுவே அப்பா எங்கோ இருப்பார். தூரத்திலிருந்து பார்த்தால் புல்லுக்கட்டே தனியாக ரோட்டில் நடந்து வருகிற மாதிரி இருக்கும். வேறு எந்த வண்டியிலும் இது நடக்காது. ஸ்பிளெண்டரில் முன்னால் டேங்க் இருக்கிறது, மூட்டை வைக்க வழியில்லை. ஸ்கூட்டரில் கால் பலகை உண்டு, மூட்டையும் வைக்கலாம். ஆனால் பின்னால் புல்லுக்கட்டு கட்டினால் முன் சக்கரம் லேசாகி ஹேண்டில் ஆடும்.

சரி, அப்படியானால் எக்ஸெல்லே வாங்கிவிடலாமே? விலையும் மற்ற இரண்டையும்விட இருபதாயிரத்துக்கு மேல் குறைவு. அவனுக்கு வேண்டாம் என்றேன். நாலரை குதிரைத்திறன்கூட இல்லாத என்ஜின் அது. கணியம்பாடியிலிருந்து பாகாயம் வரை சொகுசாக வரும். சத்துவாச்சாரி தாண்டி சென்னை–பெங்களூர் ஹைவேயில் ஏறினால் கதை வேறு. ஐம்பதில் நாம் போய்க்கொண்டிருப்போம், பக்கத்தில் கன்டெய்னர் லாரி எண்பதில் போகும். அந்தக் காற்று இழுக்கிற இழுப்பில் வண்டி ஒரு முழம் நகரும். எண்பத்துச் சொச்சம் கிலோ எடையுள்ள வண்டிக்கு அது பெரிய விஷயம். தினமும் இரண்டு வேளை, அதில் ஒரு வேளை நைட் ஷிப்ட் முடிந்து வேறு.

ஸ்கூட்டர் என்றால் எங்கள் பக்கம் ஆக்டிவா அல்லது ஜூபிடர். 110 சிசி சுற்றுவட்டாரம், எடை நூறு கிலோவுக்குக் கொஞ்சம் கூட. நான் இதில் தினமும் வேலூருக்குப் போகிறேன், போக வர 28 கிலோமீட்டர். டிராபிக்கில் இதற்கு ஈடு கிடையாது. கிரீன் சர்க்கிளில் எத்தனை தடவை சிக்னல் விழுந்தாலும் கிளட்ச் பிடித்து விடும் வேலையே இல்லை. சாப்பாட்டுக் கூடை, மழைக் கோட்டு எல்லாம் சீட்டுக்கடியில். புடவையில் அம்மா ஒருபக்கமாக உட்கார்ந்தாலும் பயமில்லை.

குறை சக்கரத்தில். பெரும்பாலான ஸ்கூட்டர்களில் முன்னால் 12 அங்குலம், பின்னால் 10. ஸ்பிளெண்டரில் இரண்டுமே 18. இந்த வித்தியாசத்தைப் பேப்பரில் படித்தால் ஒன்றும் தெரியாது. தொரப்பாடி ரோட்டில் மழை விட்ட மறுநாள், தண்ணீர் நிற்கும் பள்ளத்தில் இறக்கிப் பார்த்தால் முதுகெலும்புக்குத் தெரியும். பெரிய சக்கரம் பள்ளத்தின் மேல் உருண்டுவிடுகிறது, சிறிய சக்கரம் உள்ளே இறங்கி ஏறுகிறது. இருட்டில் ஒரு தடவை அப்படி இறக்கி, டிபன் கேரியரின் சாம்பார் தட்டு மட்டும் எங்கே போனது என்று அடுத்த நாள் காலை வரை தேடினேன்.

ஆனால் பஞ்சர் விஷயத்தில் ஸ்கூட்டருக்குத்தான் என் ஓட்டு. டியூப்லெஸ் டயர். ஆணி குத்தினாலும் காற்று மெல்ல இறங்கும், கடை வரை ஓட்டிவிடலாம். எங்கள் எக்ஸெல்லில் ஸ்போக் சக்கரம், உள்ளே டியூப். ஒரு ராத்திரி அடுக்கம்பாறை ஆஸ்பத்திரிக்கு முன்னால் புஸ்ஸென்று உட்கார்ந்துவிட்டது. அம்மா சாமான் பையோடு முன்னால் நடக்க, நான் பின்னால் தள்ளிக்கொண்டு வந்தேன். ஒரு கடையும் திறந்திருக்கவில்லை. புது ஸ்பிளெண்டரும் இப்போது அலாய் சக்கரம், டியூப்லெஸ்தான். என் பழையதில் டியூப்.

ஸ்பிளெண்டரைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? 1994-ல் வந்தது, ஹீரோவும் ஹோண்டாவும் பிரிந்த பிறகும் நிற்கவில்லை. 97.2 சிசி, நாலு கியர், எட்டுக் குதிரைத்திறன். அழகு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். காட்பாடி ஸ்டேஷன் ஸ்டாண்டில் என் வண்டி என்று நினைத்து வேறொருவர் வண்டியில் சாவி போட்டு நின்றிருக்கிறேன், வரிசையாக ஏழெட்டு ஒரே கறுப்பு. ஆனால் ஒடுகத்தூர் மலையடிவாரத்தில் நின்றுவிட்டாலும், அங்கே இருக்கும் மெக்கானிக்குக் கண்ணை மூடிக்கொண்டு கை போகும், பார்ட்ஸும் இருக்கும். ஸ்கூட்டரில் பெல்ட் போனால் அப்படியில்லை, டவுனுக்குத்தான் ஏற்ற வேண்டும். ஸ்பிளெண்டர் கேட்பது ஒன்றே ஒன்று, செயின். ஆயில் விட்டு, தொய்வு பார்த்து இறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். நான் சோம்பலில் விட்டுவிட்டு, பல் தேய்ந்து, செட்டாகவே மாற்றியிருக்கிறேன். தப்பு என்னுடையதுதான்.

இப்போது மைலேஜ். எங்கள் கைக்குக் கிடைத்தது இது: ஸ்பிளெண்டர் 60, எக்ஸெல் 55, ஸ்கூட்டர் 45. மாதம் 26 நாள் வேலை. என் 28 கிலோமீட்டருக்கு ஸ்கூட்டர் 16 லிட்டர் குடிக்கிறது, ஸ்பிளெண்டர் என்றால் 12. நாலு லிட்டர், சுமார் நானூறு ரூபாய். கிளட்ச் பிடிக்காத சுகத்துக்கு அதைக் கொடுத்துவிடலாம். அவனுக்கோ போக வர 70 கிலோமீட்டர். ஸ்கூட்டருக்கு 40 லிட்டர், ஸ்பிளெண்டருக்கு 30. மாதம் ஆயிரம் ரூபாய் போனால் டியூ கட்டும்போது தெரியும். டேங்க்கையும் பார்க்க வேண்டும். ஸ்பிளெண்டரில் 9.8 லிட்டர், வாரம் ஒரு தடவை பங்குக்குப் போனால் போதும். ஸ்கூட்டரில் ஐந்து சொச்சம்தான், மூன்று நாளைக்கு ஒரு முறை வரிசையில் நிற்க வேண்டும்.

"கரண்ட் வண்டி மாமா?" என்றான். நியாயமான கேள்வி, ஆம்பியர் ஸ்கூட்டர் அவன் வேலைக்குப் போகும் ராணிப்பேட்டையிலேயே தயாராகிறது. என் தூரத்துக்கு மாதம் 25 யூனிட் இருந்தால் போதும், பெட்ரோலோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஆனால் வீட்டில் ஏற்கனவே ஏ.சி. ஓடுகிறவர்கள் கவனிக்க வேண்டும். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் பில்லின் கணக்கே மாறிவிடும். இன்னொன்று, எங்கள் வெயில். மே மாதம் வேலூர் வெயிலூர்தான். ஓட்டி வந்த சூட்டோடு சார்ஜில் போடக்கூடாது, அரை மணி நேரமாவது பேட்டரி ஆறட்டும். விலை குறைந்த மாடலில் ஒரு சார்ஜுக்கு 70 கிலோமீட்டர் என்பது விளிம்பு. நைட் ஷிப்ட் முடிந்து வரும்போது பாகாயத்தில் ஒரு கோடு மட்டும் மிச்சம் என்று பார்த்துக்கொண்டே வர முடியாது. எனக்கு அடுத்த வண்டி அதுவாக இருக்கலாம். அவனுக்கு இப்போது வேண்டாம்.

ஆக, ஸ்பிளெண்டர் என்று முடிவாயிற்று. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததால் புதுசே வாங்கலாம் என்றான். ஷோரூம் விலையைக் கேட்டுவிட்டு சந்தோஷப்படாதே, ரோடு டாக்ஸும் ஐந்து வருட மூன்றாம் நபர் இன்சூரன்ஸும் சேர்த்துக் கேள் என்றேன். ஹெல்மெட் இரண்டு வாங்கு, பின்னால் உட்காருபவருக்கும் போட வேண்டும், இல்லாவிட்டால் ஆயிரம் ரூபாய்.

அப்புறம்தான் லைசென்ஸை வாங்கிப் பார்த்தேன். கியர் இல்லாத வண்டி என்றிருந்தது. எட்டு போட்டது பக்கத்து வீட்டு ஸ்கூட்டியில் என்றான். கியர் வண்டிக்குத் தனியாக எல்.எல்.ஆர். போட்டு, முப்பது நாள் கழித்து, மறுபடியும் எட்டு போட வேண்டும்.

அதுவரை என் ஸ்கூட்டர் ராணிப்பேட்டைக்குப் போய் வருகிறது, நான் அப்பாவின் எக்ஸெல்லில் ஆபீஸ் போகிறேன். நேற்று சாயங்காலம் கிளம்பும்போது அக்கா போன் செய்தாள்: "எக்ஸெல்லுலதான வர்ற? வர்ற வழியில மாட்டுத் தீவனம் ரெண்டு மூட்டை எடுத்துகினு வந்துடு."