பிரவுசருக்குள் லேப்: விரலுக்குப் பின்னால் வரும் எழுத்து

காட்பாடியில் பொறியியல் படிக்கும் என் சித்தி மகன், நான் நெடுநாளாகப் பயன்படுத்திவரும் சைபர் பாதுகாப்புப் பயிற்சித் தளத்தின் ஆண்டுச் சந்தா குறைந்திருப்பதைப் பார்த்துவிட்டு, “வாங்கலாமாண்ணா?” என்று கேட்டிருக்கிறான். பாடங்களைப் பற்றியும், தொலைவிலுள்ள சர்வரில் ஓட நாம் பிரவுசர் வழியே இயக்கும் மெய்நிகர் கணினிகளைப் (லேப்) பற்றியும் அத்தளமே வேண்டிய அளவு சொல்லிக்கொள்கிறது. அவற்றில் எனக்குக் குறையும் இல்லை. அவர்கள் சொல்லாத ஒன்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். தட்டிய எழுத்து திரைக்கு வந்து சேர ஆகும் தாமதமே அது.

இந்தியாவில் இருக்கும் சர்வரைத் தேர்ந்தெடுக்கும் வசதி அங்கே கிடையாது. பாதுகாப்புச் சோதனைக்கான இயங்குதளமான என் காளி லினக்ஸ் ஜெர்மனியின் பிராங்ஃபர்ட்டில் ஓடுகிறது. வேலூரிலிருந்து அந்நகரம் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 7,500 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் செல்லும் என்பதால், போய்வர மட்டுமே 75 மில்லிவிநாடி ஆகிவிடும். கடலடிக் கேபிள் நேர்க்கோட்டில் போவதில்லை. வழியில் ரவுட்டர்களும் பல. எனக்குப் பிங், அதாவது ஒரு செய்தி போய்வர ஆகும் நேரம், 150 மில்லிவிநாடிக்குக் கீழே இறங்கியதே இல்லை. நிமிடத்துக்கு 60 ஆங்கிலச் சொற்கள் அடிப்பவர் சராசரியாக 200 மில்லிவிநாடிக்கு ஓர் எழுத்தைத் தட்டுகிறார் என்று கணக்கிட்டால், திரை எப்போதும் ஓரெழுத்து பின்தங்கியே வரும். இதற்கு விரல் பழகிவிடுகிறது.

பழகாதது, அந்தத் தாமதம் ஏறி இறங்குவது. இத்தகைய லேப்களில் விசையை அழுத்தியது ஒரு செய்தியாகவும் விட்டது இன்னொரு செய்தியாகவும் போகின்றன. இரண்டும் டிசிபி என்ற இணைய நெறிமுறையின்மீது வரிசை மாறாமல் செல்ல வேண்டும். இடையில் ஒரு பாக்கெட் (தரவுத் துண்டு) தொலைந்தால், அது மறுபடி அனுப்பப்பட்டுச் சேரும்வரை பின்னால் வந்தவை எல்லாம் காத்திருக்கும். விசையை விட்ட செய்தி அப்படிச் சிக்கிக்கொண்டால், அங்குள்ள லினக்ஸ் நான் இன்னும் அழுத்திக்கொண்டிருப்பதாக எண்ணி அதே எழுத்தை வரிசையாக அடித்துத் தள்ளும். கட்டளை வரியில் நடந்தால் அழித்துக்கொள்ளலாம். நிர்வாகி அதிகாரம் கேட்கும் சூடோ கட்டளையின் கடவுச்சொல்லில் நடந்தால் கண்ணுக்கே தெரியாது. சரியான கடவுச்சொல்லையே தவறு என்று திருப்பித் திருப்பிச் சொல்லும். இரவு பதினொரு மணிக்கு இதை அனுபவித்தவர்களுக்கு என் கோபம் புரியும். டெர்மினலைத் திறந்தவுடன் “எக்ஸ்செட் ஆர் ஆஃப்” என்ற கட்டளையை ஆங்கிலத்தில் இட்டுவிட்டால் இந்தத் தானியங்கித் தொடர்ச்சி நின்றுவிடும். தளத்தின் உதவிப் பக்கத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

ஆதரவுக் குழுவுக்கு எழுதினால், இணைய வேகத்தைச் சோதித்துப் பார்க்கச் சொல்லி ஒரே பதில் வருகிறது. வேகச் சோதனை காட்டும் 100 எம்பிபிஎஸ் குழாயின் அகலம். நான் கேட்பது அதன் நீளத்தைப் பற்றி.

நியாயமாகச் சொன்னால், பழி முழுவதும் அவர்களுடையது அன்று. வீட்டு ரவுட்டருக்கே பிங் அனுப்பிப் பார்த்தபோது, ஓரிரு மில்லிவிநாடியில் வர வேண்டிய பதில் சில நேரம் நூறைத் தாண்டியது. சத்துவாச்சாரியில் எங்கள் தெருவில் சுவருக்குச் சுவர் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை; ஒன்றோடொன்று மோதுகின்றன. லேன் கேபிள் செருகியதும் பாதித் தொல்லை தீர்ந்தது. வீட்டில் யாருடைய கைபேசியாவது படங்களை கிளவுடுக்கு ஏற்றும்போது அப்லோட் வரிசை நிரம்பி என் விசைகள் அதன் பின்னால் நின்றன. ரவுட்டரில் இந்த வரிசை நெரிசலைக் கட்டுப்படுத்தும் எஸ்க்யூஎம் வசதியை இயக்கியதும் அதுவும் அடங்கியது. மூன்றாவது காரணம் நம் ஊர் வெயில். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் பிற்பகலில், மின்விசிறி மட்டுமுள்ள அறையில் லேப்டாப் சூடேறித் தன் பிராசசர் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. சர்வரிலிருந்து வந்து சேர்ந்த திரைக்காட்சியை விரித்து வரையவே பிரவுசர் திணறுகிறது. காளியின் எக்ஸ்எஃப்சிஇ திரைமுகப்பில் நிழல் போன்ற அலங்காரங்களைத் தரும் கம்பாசிட்டிங்கை நிறுத்தி, திரை அளவைக் குறைத்து, சுவர்ப்படத்தை ஒற்றை நிறமாக்கியதில் இதற்கும் ஓரளவு நிவாரணம் கிடைத்தது.

எதிர்பாராத மகிழ்ச்சி ஒன்றும் உண்டு. அத்தளம் பின்னணியில், தொலைக் கணினியைப் பிரவுசரில் காட்டும் அப்பாச்சி குவாக்கமோலி என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறது. கண்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பக்கவாட்டில் ஒரு பலகை திறக்கும். அதிலுள்ள கிளிப்போர்டில் நீண்ட கட்டளையை நிதானமாக எழுதி, ஒரே தடவையில் உள்ளே ஒட்டிவிடலாம். முதல் நாளே யாராவது சொல்லியிருக்கலாம்.

ஆனால் உன் விடுதியில், தம்பி, வேறொரு சிக்கல் வரக்கூடும். தொடர்ந்து திறந்தே இருக்கும் இணைப்பான வெப்சாக்கெட்டைக் கல்லூரி ஃபயர்வால் தடுத்தால் குவாக்கமோலி சாதாரண எச்டிடிபிக்குத் தாவிவிடும். வேலை நடக்கும், ஆனால் இழுக்கும். பிரவுசரில் எஃப்12 அழுத்தி நெட்வொர்க் பகுதியில் “வெப்சாக்கெட்-டனல்” என்ற இணைப்பு நிலைத்து நிற்கிறதா, அல்லது “டனல்” என்ற கோரிக்கைகள் அடுத்தடுத்து ஓடுகின்றனவா என்று பார். இரண்டாவது என்றால், உன் லேப்டாப்பிலேயே, கணினிக்குள் கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில் காளியை நிறுவி, தளம் தரும் ஓப்பன்விபிஎன் கோப்பால் அவர்களின் லேப் வலையோடு இணைந்துகொள். விசை உன் மேசையிலேயே நின்றுவிடும். பாக்கெட்டுகள் மட்டும் கடல் கடக்கும். அதற்கும் விடுதி வலை விபிஎன்னை அனுமதிக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், வாங்காதே. ஆசிய சர்வர் ஒன்றுகூட வைக்காதவர்களுக்கு ஓராண்டுப் பணத்தை முன்கூட்டிக் கொடுப்பது எனக்கு எரிச்சலாக இருக்கிறது. இலவசப் பாடங்களை விடுதி வலையில் ஓட்டிப் பார்த்த பிறகு, மிஞ்சினால் ஒரு மாதச் சந்தா எடு. நான் போன வாரமே ஆண்டுச் சந்தாவைப் புதுப்பித்துவிட்டேன். விண்டோஸ் வலைகளின் பயனர் நிர்வாக அமைப்பான ஆக்டிவ் டைரக்டரி பற்றிய லேப் இன்னும் பாதியில் நிற்கிறது.