அப்பா போன பிறகு எங்கே நடப்பது: ரயில் காரிடாரா, தாஹான் காடா?

அப்பா தவறிய வருஷம் முழுக்க நான் நடந்துகொண்டுதான் இருந்தேன். இப்போது அதே நிலைமையில் இருக்கும் தோழி ஒருத்தி, “அக்கா, காட்டுக்குப் போகட்டுமா, இங்கேயே நடக்கட்டுமா?” என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதுதான் இது.

முதல் சில மாதங்களுக்கு இங்கே சிங்கப்பூரிலேயே இருக்கும் ரயில் காரிடார். 2011-இல் மலேசிய ரயில் நின்றுபோன தடம், இப்போது நடைபாதை, உட்லண்ட்ஸிலிருந்து தஞ்சோங் பகார் வரை 24 கிலோமீட்டர், பெரும்பாலும் சமதளம். அழுகை முட்டிக்கொண்டு வந்தால் பக்கத்து வழியில் வெளியேறி பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிடலாம். தூக்கமே இல்லாத உடம்புக்கு அது பெரிய ஆறுதல். புக்கிட் தீமா இரும்புப் பாலத்தில் நான் நெடுநேரம் நின்றிருக்கிறேன், இந்தத் தடத்தில்தான் அப்பா கோலாலம்பூருக்கு ரயிலில் போவார். ஆனால் குறையும் அங்கேயேதான். மூன்று மணி நேரம் நடந்து மனசு இளகி வரும்போது ஆபீஸ் மெசேஜ் வந்துவிடும்.

குனோங் தாஹானில் அந்தத் தொல்லை இல்லை. 2,187 மீட்டர், தீபகற்ப மலேசியாவிலேயே உயரமான மலை. மெராப்போ பக்கமிருந்து ஏறினால் மூன்று நான்கு நாளில் திரும்பலாம், கோலா தாஹான் வழி என்றால் ஏழு நாள் ஆகும். துக்கத்துக்கு நீளமான வழிதான் நல்லது என்பேன். முதல் இரண்டு நாள் பை கனம், தோள் எரிச்சல், காலுறைக்குள் அட்டை, வேறு எதுவும் தோன்றாது. மூன்றாம் நாள் இடுப்பளவு ஆற்றைக் கடந்தபோது, அடுத்த அடியை எந்தக் கல்லில் வைப்பது என்பது மட்டுமே மனசில் இருந்தது. அன்று ராத்திரி கூடாரத்தில், என் மனசுக்குள், மாதக்கணக்கில் ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே கிடந்த அப்பா எழுந்து வந்து, எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே என் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஓடினார். அது ரயில் காரிடாரில் எனக்கு ஒருநாளும் நடக்கவில்லை.

அமெரிக்க நெடும்பாதைகளையும் கேட்டாள். போரில் நண்பனை இழந்த ஏர்ல் ஷாஃபர் 1948-இல் அப்பலாச்சியன் பாதை முழுவதையும் நடந்தார். மாதக்கணக்கில் விடுப்பு கிடைப்பவர்கள் தாராளமாகப் போகலாம், நமக்கு ஏழு நாளே பாடு.

வாரக்கணக்கில் தூக்கம் வரவில்லை என்றால் முதலில் டாக்டரைப் பார், காடு எங்கேயும் போய்விடாது என்றேன். சரி என்றாள். போன சனிக்கிழமை ரயில் காரிடாரில் கிராஞ்சியில் ஆரம்பித்து ஹில்வியூ வரை சேர்ந்து நடந்தோம், பாதி தூரம் பேசவே இல்லை.