பாட்டு வெளியிட்டுத் தருகிறேன் என்று வருகிறவரிடம் கவனம்

கல்லடி, களுவாஞ்சிக்குடி, கல்முனைப் பக்கம் ரொக், மெட்டல் வாசிக்கிற பொடியன்கள் எல்லாரும் இதை வாசியுங்கள். புதுப் பாட்டை வெளியிட்டுத் தருகிறேன் என்று கொழும்பிலிருந்து ஒருவர் வட்ஸ்அப்பில் வருகிறார். எங்கள் பேண்டிடம் 45,000 ரூபா வாங்கினார்.

ஆள் விஷயம் தெரிந்தவர். "தம்பி, 12 மாதத்தில் 1,000 ப்ளே வராத பாட்டுக்கு ஸ்பொட்டிஃபை ஒரு சதமும் தராது, அதை நான் வரவைக்கிறேன்" என்றார். அந்த விதி உண்மைதான், 2024 இலிருந்து இருக்கிறது. இந்தியாவின் மெட்டல் விழாவான பெங்களூர் ஓப்பன் எயார் பற்றி எழுதுகிறவர்களிடம் பாட்டைக் கொடுப்பாராம், ஜெர்மனியில் நடக்கிற பெரிய மெட்டல் விழாவான வாக்கன் வரை ஆள் இருக்கிறதாம். வாக்கனுக்குப் புதுப் பேண்டுகள் போகிற ஒரு வழி மெட்டல் பேட்டில் போட்டி. அதில் மேடையில் வாசித்து வெல்ல வேண்டும், காசு கட்டி ஏறுகிற இடமில்லை அது.

பாட்டு வந்த கிழமையே ப்ளே எகிறியது. எல்லாம் எங்களில் யாருக்கும் தெரியாத ஒரே வெளிநாட்டு நகரத்திலிருந்து. ஒருவர்கூடப் பாட்டைச் சேமித்து வைக்கவில்லை. மனிதர் கேட்டால் அப்படி நடக்காது, அது பொட், அதாவது கணினி நிரல் தானாக ஓட்டுகிற போலி ப்ளே. இப்படிப் போலி ப்ளே பிடிபட்டால், பாட்டை ஏற்றிய விநியோக நிறுவனத்திடம் ஸ்பொட்டிஃபை தண்டம் அறவிடும். அதனால் அந்த நிறுவனங்கள் பாட்டையே தூக்கிவிடுகின்றன. எங்களுடையதும் போய்விட்டது. கேட்டதற்கு "சிஸ்டம் பிழை" என்றார், அப்புறம் எங்கள் இலக்கத்தையே தடுத்துவிட்டார்.

பாட்டை அவர் ஏற்றியது தன்னுடைய கணக்கில். அந்தக் கணக்கு யாரிடம் இருக்கிறதோ அவர்தான் பாட்டை வைப்பதும் எடுப்பதும், வருகிற காசும் அங்கேதான் போகும். மத்தியான வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே, யன்னலைப் பூட்டிப் போர்வை தொங்கவிட்டு ட்ரம்ஸ் பதிந்த பாட்டு அது. அதில் எங்களுக்கு ஒரு பிடியும் இல்லாமல் செய்துவிட்டார் என்பதுதான் காசு போனதைவிடக் கொதிக்கிறது.

விநியோகக் கணக்கை உங்கள் பெயரிலேயே திறவுங்கள். வருடச் சந்தா அவர் கேட்கிற காசில் சிறு பங்குதான். ஸ்பொட்டிஃபையின் சொந்தப் பிளேலிஸ்ட்களுக்குப் பாட்டை அனுப்ப ஒரு சதமும் தேவையில்லை. ஸ்பொட்டிஃபை கலைஞர்களுக்கென்று வைத்திருக்கிற ஸ்பொட்டிஃபை ஃபோர் ஆர்ட்டிஸ்ட்ஸ் வழியாக, வெளிவருவதற்குக் குறைந்தது 7 நாள் முன்பு நீங்களே அனுப்பலாம். காசுக்கு அதில் இடம் வாங்கித் தருகிறேன் என்றால் அது பொய்.

வங்கிச் சீட்டும் வட்ஸ்அப் செய்திகளும் எங்களிடம் இருக்கின்றன, பொலிஸில் முறைப்பாடு கொடுக்கிறோம். இதே ஆளிடம் காசு கொடுத்த பேண்டுகள் இருந்தால் உள்பெட்டிக்கு வாருங்கள், சேர்ந்தே கொடுப்போம்.